புதுப்பிப்பு: ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு ஹாஷ், காரணம் கிடைத்துவிட்டது

ஒரே இன்வாய்ஸ் ஜேசனுக்கு (தரவை உரையாக எழுதும் வடிவம்) பைதானில் ஒரு ஷா-256 ஹாஷ் (தரவின் கைரேகை மாதிரியான குறியீடு), ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் வேறொன்று வருகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். கீகளை, அதாவது புலங்களின் பெயர்களை, இரண்டு பக்கமும் வரிசைப்படுத்தியும் ஒத்துப்போகவில்லை.

இரண்டு வெளியீட்டையும் பைட் பைட்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பிடிபட்டது. பைதான் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இடைவெளி விடுகிறது. ‘க’ என்ற ஒரு எழுத்தை ஆறு எழுத்து யூனிகோட் குறியீடாக்கி எழுதுகிறது. சரி, இவை ஆப்ஷனை மாற்றினால் தீரும். படுத்தியெடுத்தது தொகைதான்: பைதான் 1500.0 என்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் 1500 என்கிறது.

இப்போது 2020இல் வந்த ஆர்எஃப்சி 8785 முறைக்கு (ஒரே ஜேசனை எங்கும் ஒரே மாதிரி எழுதச் சொல்லும் விதிமுறை) இரண்டு பக்கமும் மாறிவிட்டோம். தொகைகளை எண்ணாக வைக்காமல் "1500.00" என்று ஸ்ட்ரிங்காகவே வைக்கிறோம். ஹாஷ் ஒத்துப்போகிறது.

அப்புறம், தமிழில் பொருள் பெயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ‘கொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஹாஷ் மட்டும் மாறிவிடும். ஆர்எஃப்சி 8785 இதைத் தொடுவதில்லை. தரவு உள்ளே நுழையும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்து வரும் குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். ஹாஷ் போடும் இடத்தில் வேண்டாம்.