காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய டிராக்டர் – யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்க உழவு ஓட்ட வேண்டும், ஈரம் காய்வதற்குள். எங்கள் வண்டி 1970களில் வந்த மூன்று சிலிண்டர் டீசல். ராத்திரி நின்றால் காலையில் கிளம்ப மறுக்கிறது.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, செல்ஃப் வேகமாகவே சுற்றுகிறது. ஆனால் சைலன்சரில் புகையே இல்லை. வெள்ளைப் புகையாவது வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே டீசலே போய்ச் சேரவில்லை போல. சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் நாசிலின் பைப் நட்டைத் தளர்த்திச் சுற்றினால் நுரைதான் வருகிறது. ஃபில்டரில் ஏர் எடுத்துவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது, அப்புறம் பொழுது சாயும்வரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலும் தொல்லை இல்லை.

ஃபில்டரும் செம்பு வாஷர்களும் புதிது. வெளியே எங்கும் டீசல் கசிவு இல்லை. உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது என்பதால் அதை நம்பவில்லை.

என் சந்தேகம் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் வால்வு மேல். உள்ளூர் மெக்கானிக் நாசிலுக்கு டீசல் தள்ளும் பெரிய பம்பையே கழற்றி ரங்கூனுக்கு அனுப்பச் சொல்கிறார். எனக்கு மனசில்லை, செலவு அப்படி. தனி கேனை உயரத்தில் வைத்து, கண்ணாடி போன்ற டியூபில் நேராக ஃபில்டருக்கு டீசல் விட்டு ஒரு ராத்திரி பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியுமா? இப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆக ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொல்ல வேண்டாம், காற்று போகும் மேனிஃபோல்டில் ஹீட்டர் இருக்கிறது, பட்டால் வெடித்துவிடும்.