எட்டு போடும்போது இரண்டு முறை கால் ஊன்றிவிட்டேன், மறுபடி போகத் தைரியம் வரவில்லை

ஸ்கூட்டி அம்மா:
எனக்கு 44 வயது. மகளை டியூஷனில் விட, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று எல்லாவற்றுக்கும் ஆட்டோவை எதிர்பார்த்து அலுத்துப்போய்த்தான் ஸ்கூட்டி பழகினேன். கணவரைப் பின்னால் உட்கார வைத்துக் கடைத்தெரு வரை ஓட்டுகிறேன், பயமில்லை. ஆனால் லைசென்ஸ் டெஸ்டுக்கு ஆர்டிஓ மைதானத்தில் எட்டு வடிவக் கோட்டில் ஓட்டும்போது, பிரேக் இன்ஸ்பெக்டர் எதிரே நிற்க, வரிசையில் இருக்கும் பையன்கள் அத்தனை பேரும் பார்க்க, எட்டின் இரண்டாவது வளைவில் கை நடுங்கிக் கால் ஊன்றிவிட்டேன். போன வாரம் இரண்டாவது தடவை, அதே வளைவு, அதே இடது கால். வீட்டுக்கு வரும்போது சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் கழற்றி வைத்த ஹெல்மெட்டை இன்னும் தொடவில்லை. எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) முடிய ஏழு வாரம் இருக்கிறது. இப்படி ஆன பிறகு திரும்பப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தக் காலையில் எப்படிக் கிளம்பினீர்கள்?

டிரைவிங் ஸ்கூல் தம்பி:
அக்கா, அந்த வளைவில் நிறைய பேர் கால் ஊன்றுவார்கள், காரணம் முன் சக்கரத்தையும் தரையில் இருக்கும் கோட்டையும் பார்ப்பதுதான். வளைவுக்குள் நுழையும்போதே தலையைத் திருப்பி, வண்டி வெளியே வரப்போகிற இடத்தைப் பாருங்கள். அப்புறம், பயத்தில் ஆக்சிலேட்டரைச் சுத்தமாக விட்டுவிடுவீர்கள், அங்கேதான் வண்டி தள்ளாடும். கொஞ்சமாகக் கொடுத்தபடியே இடது பிரேக்கை லேசாகப் பிடித்து வேகத்தை அடக்குங்கள், வலது பிரேக் பக்கமே போகாதீர்கள். வீட்டு முன்னால் கோலமாவில் ஒரு எட்டு போட்டு இரண்டு வாரம் சுற்றுங்கள். தவறினால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம், மூன்றாவது முறையும் தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் எல்எல்ஆர் முடிந்தாலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், அதை நினைத்துக் கலங்காதீர்கள்.

புதுக்கோட்டைக்காரி:
1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது, என் அம்மா அதில் பழகியவர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளில்தான் ஏறினார். முதல் நாளே கருவேல முள்ளில் விழுந்து முட்டி கிழிந்தது, டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராத்திரி மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு மறுநாளும் போனார். பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இருந்துச்சு. ஆனா தண்ணிக்குடத்தை இடுப்புல வச்சு அவ்வளவு தூரம் நடக்குறது அதைவிடக் கஷ்டமா இருந்துச்சே" என்றார். உங்களுக்கும் மாமியார் ஆஸ்பத்திரி இருக்கிறது அக்கா, தைரியம் வரட்டும் என்று உட்காராதீர்கள், பயத்தோடேயே போங்கள்.

மூன்றாம் முறை பாஸ்:
நான் சீக்கிரமே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். மற்றவர்கள் கால் ஊன்றுவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்ததுதான் முன்பெல்லாம் என் கையை நடுங்க வைத்தது.

ஸ்கூட்டி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வாசல் தெளித்த கையோடு தெருவில் கோலமாவால் எட்டு போட்டேன். மகள் ஓரமாக நின்று "அம்மா, கீழே பார்க்காதே" என்று கத்திக்கொண்டே இருந்தாள். பதினோரு சுற்றில் நான்கில் கால் ஊன்றினேன், மிச்சத்தில் ஊன்றவில்லை. தம்பி, வலது பக்கம் திரும்பும்போது மட்டும் வண்டி அகலமாகப் போகிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும்?