மகளின் காவடிப் படத்தை மாற்றிப் பரப்புகிறார்கள், என்ன செய்வது?

சாட்ஸ்வொர்த் அம்மா:
மகளுக்கு 14 வயது. தைப்பூசக் காவடியில் மஞ்சள் புடவையில் எடுத்த படத்தில் முகத்தைக் கறுப்பாக்கி, பல்லைப் பெரிதாக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். இப்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். நேற்று தெரியாத எண்ணிலிருந்து, உடம்பு தெரிய படம் அனுப்பு என்று மிரட்டல். போனைப் பிடுங்கிவிடலாமா?

டர்பன் அக்கா:
வேண்டாம் தங்கச்சி. பிடுங்கினால் அடுத்த தடவை உன்னிடம் சொல்லவே மாட்டாள். பதில் போடாமல், எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடு, பிறகு பிளாக் செய். நேரே போலீசுக்குப் போ. சின்னப் பிள்ளையிடம் அப்படிப் படம் கேட்பதே இங்கே தென்னாப்பிரிக்காவில் 2007ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். அந்தரங்கப் படத்தைப் பரப்பினால், போலியாகச் செய்ததானாலும், 2020ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டம் பாயும்.

மாரிட்ஸ்பர்க் தமிழ் டீச்சர்:
116க்கு அவளையே பேசச் சொல்லுங்கள், அது சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவி எண், இலவசம். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் திட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் அந்தரங்கப் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும் 'டேக் இட் டவுன்' தளத்தில் பதியலாம், படம் போனை விட்டு வெளியே போகாது. இன்னொன்று, மனசு பொறுக்காமல் சொல்கிறேன்: "வெயிலில் நிற்காதே, கறுத்துடுவே" என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாட்டி உட்பட.