வேட்புமனுவை நிராகரித்துவிட்டார்கள், இனி எங்கே போவது?

மலைத்தேயிலை: இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பிரதேச சபைத் தேர்தலுக்கு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சுயேச்சைக் குழுவாக இறங்கினோம். ஆளுக்கு 5,000 ரூபாய் கட்டுப்பணம். சீட்டுக் காசு போட்டு, தோடு அடகு வைத்துச் சேர்த்தது. 2025 மார்ச் 20ஆம் திகதி தெரிவத்தாட்சி அலுவலர் (தேர்தல் நடத்தும் அதிகாரி) எங்கள் வேட்புமனுவை நிராகரித்துவிட்டார். இளம் வேட்பாளர் ஒருத்தியின் பிறப்புச் சான்றிதழ்தான் காரணமாம். போட்டோ பிரதியில் சமாதான நீதவானின் கையெழுத்தும் ஊதா மை முத்திரையும் பளிச்சென்று இருக்கின்றன. அது செல்லாதாம். கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், கேட்டால் "அலுவலர் முடிவே இறுதி" என்கிறார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு வாக்கையும் பறிகொடுத்த சனம் நாங்கள். ஒரு முத்திரைக்காக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறதா?

கொட்டகலை அண்ணன்: இருக்கிறது தங்கச்சி. கச்சேரிக்குள் மேன்முறையீடு கிடையாது, அவ்வளவுதான். கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரியின் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கக் கேட்கும் மனு, போடலாம்; அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை அதற்குத்தான். நிராகரித்த முடிவை ரத்துச் செய்யும்படி மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வேட்புமனுவை ஏற்கும்படி உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள். இடைக்கால உத்தரவும் முக்கியம், வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டால் பிறகு பேச்சே இல்லை. தேர்தல் ஆணைக்குழு உறுப்பினர்களையும் அலுவலரையும் பிரதிவாதிகளாகப் போட வேண்டும். சேர்க்க வேண்டிய ஒருவரை விட்டுவிட்டால் அதையே பிடித்து மனுவைத் தள்ளிவிடுவார்கள். நிராகரிப்புக் காரணத்தை எழுத்தில் வாங்கினீர்களா? சான்றிதழின் அந்தப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். காசுதான் தடை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் நாளைக்கே போய்க் கேளுங்கள்.

லிந்துலை: அடிப்படை உரிமை மீறல் மனு போட்டால் என்ன? ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றம் போகலாமே.

கொட்டகலை அண்ணன்: போகலாம், ஆனால் காலம் யோசியுங்கள். 2023 மார்ச் 9 நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று நின்றதே, உரிமை மீறல்தான் என்று தீர்ப்பு வந்தது 2024 ஓகஸ்டில். நல்ல தீர்ப்பு. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு மே 6 வாக்களிப்புக்கு முன்னே பதில் வேண்டும். அதனால் ரிட்தான்.

மலைத்தேயிலை: நன்றி அண்ணா. காரணத்தை எழுத்தில் வாங்கவில்லை, விடிந்ததும் கச்சேரிக்குப் போகிறேன்.

நானுஓயா: ஏப்ரலில் இதைப் பார்ப்பவர்களுக்கு: பிறப்புச் சான்றிதழ் பிரச்சினையில் நிராகரித்த பல வேட்புமனுக்களை ஏற்கும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தங்கச்சி, உங்கள் சட்டத்தரணியிடம் உடனே சொல்லுங்கள்.