கடல் கடந்த தத்தெடுப்பும் நீளும் காத்திருப்பும்: வடசென்னைக் குடும்பங்களின் அனுபவப் பகிர்வு

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

என் தங்கையும் அவள் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழ்பவர்கள். இந்தியாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் பதிவு செய்தார்கள். அந்த வாரமே நான் எம்.சி. ரோட்டுக்குப் போய் 16ஆம் சைஸில் இரண்டு பருத்தி கவுன்கள் வாங்கி வந்து, அம்மாவின் இரும்புப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்தேன். 2022இல் அவற்றை எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு 20ஆம் சைஸ் வாங்கினேன். சென்ற மாதம் அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு 26ஆம் சைஸ் கேட்டபோது, பழகிய கடைக்காரர், “பாப்பா கிடுகிடுன்னு வளர்ந்துடுச்சேம்மா” என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சைஸ் மாறியதற்குப் பெரியவர்களின் வயதே காரணம். 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு 90, நான்கு முதல் எட்டு வரை 100. பதிவு செய்தபோது இவர்களுடைய கூட்டுத்தொகை 81, இப்போது 93. ஆண்டுகள் ஓடுவதைப் பார்த்து, ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் தங்கள் மனத்தில் இருக்கும் குழந்தையின் வயதை அவர்களே உயர்த்திக்கொண்டார்கள்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்றே உறவினர்கள் நினைக்கிறார்கள். தத்தெடுக்கத் தகுதியான குடும்பம்தானா என்று விசாரித்து எழுதப்படும் குடும்ப ஆய்வறிக்கை மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அமெரிக்கக் குடிவரவுத் துறை தரும் முன் அனுமதிக்கோ 15 மாதங்களே ஆயுள். ஆகவே கைரேகை, மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று, சம்பளச் சான்று என்று ஏதாவது ஒன்று எப்போதும் காலாவதியாகிக்கொண்டே இருக்கும். ஒருமுறை எல்லாவற்றையும் சரியாக அனுப்பிய பிறகும், ஓர் அலுவலகத்தின் மேசையில் அந்தக் கட்டு ஐந்து மாதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தது. அதற்குள் மருத்துவச் சான்றின் தேதி முடிந்துபோயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது.

விடியற்காலை ஐந்தரைக்குத் தங்கை அழைப்பாள். “ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?” என்பாள். எனக்கு எதுவும் தெரிய வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும். குழந்தை இருக்கும் நாட்டில் நான் இருக்கிறேன் என்பதே அவளுக்கு ஒரு தெம்பு. இந்த ஆண்டுகளை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள், கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

ராயபுரத்திலிருந்து

வணக்கம் அம்மா. நாங்கள் துபாயில் இருந்தபோது, 2019 மே மாதத்தில், வெளிநாடு வாழ் இந்தியர்களாகப் பதிவு செய்தோம். 2022 ஏப்ரலில்தான் எங்களுக்கு ஒரு குழந்தை காட்டப்பட்டாள். ஒடிசாவில் ஓர் இல்லத்தில் இருந்த மூன்று வயதுப் பெண். அதன் பிறகாவது விரைவாக முடியும் என்று எண்ணியிருந்தோம். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் தத்தெடுப்பு ஆணை வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களிடமிருந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு மாற்றப்பட்டதால், எங்கள் கோப்பும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய் மறுபடியும் வரிசையில் நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காத்திருப்பின் இரண்டாம் ஆண்டில் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவர், பிறந்து நான்கு நாட்களே ஆன குழந்தை இருப்பதாகவும், பணம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழையே எங்கள் பெயரில் எழுதி வாங்கித் தருவதாகவும் என் மைத்துனர் வழியாகச் சொல்லி அனுப்பினார். அன்றிரவு நான் தூங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உறுதி எனக்கு இல்லை என்பதே உண்மை. என் மனைவி மட்டும், “அந்தக் குழந்தையோட அம்மா எங்கே இருக்காங்கன்னு கேட்டீங்களா?” என்றாள். நான் கேட்டிருக்கவில்லை. மறுநாள் கேட்டேன், அந்த மனிதர் அதன் பிறகு அழைக்கவே இல்லை. குழந்தையை விற்பதும் வாங்குவதும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்தாண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதைப் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மகள் வந்து சேர்ந்தபோது ஒடியாவைத் தவிர வேறு மொழி அறியாதவளாக இருந்தாள். காத்திருந்த நாட்களில் அந்த மொழியில் ‘தண்ணீர்’, ‘பசி’, ‘வலி’ என்ற மூன்று சொற்களையாவது கற்றிருக்கலாமே என்று நாங்கள் வருந்தினோம். உங்கள் தங்கைக்கு எந்த மாநிலத்துக் குழந்தை வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் விவரம் கையில் கிடைத்த அன்றே அந்த மொழி பேசும் ஒருவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

புளியந்தோப்பிலிருந்து

ராயபுரத்து அண்ணனின் மனைவி கேட்ட கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1999இல் எனக்கு ஒன்பது வயது. மாலையில் அடிபம்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது, அம்மா என் தங்கையின் இடுப்பில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார். ஒரு கையால்தான் பம்பு அடிப்பார். எங்கள் தெருவில் எல்லாத் தாய்மார்களும் அப்படித்தான் இருந்தார்கள், ஏனென்றால் பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதற்கு 2005இல்தான் விடை கிடைத்தது. வடசென்னைத் தெருக்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், பொய்யான பெயர்களுடனும் பொய்யான தாயின் கையெழுத்துடனும் ஒரு தத்தெடுப்பு நிறுவனத்தின் வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே, ஆனால் இங்கே பெற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காவல் நிலைய வாசலில் நின்றார்கள்.

இப்போது நான் குழந்தைகள் நலத் துறையில் வேலை செய்கிறேன். பெற்றோரே ஒப்படைத்த குழந்தையானால், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு 60 நாட்கள் உண்டு. கண்டெடுக்கப்பட்ட குழந்தையானால், பெற்றோரைத் தேடி விளம்பரம் செய்து, விசாரித்த பிறகே, இரண்டு வயதுக்கு உட்பட்டிருந்தால் இரண்டு மாதங்களுக்குள்ளும், மேற்பட்டிருந்தால் நான்கு மாதங்களுக்குள்ளும் குழந்தைகள் நலக்குழு அதைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்க வேண்டும். உள்நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்ப்பதற்கு மேலும் 60 நாட்கள். இவை குழந்தைக்கு உரிய நாட்கள். இவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆனால் அக்கா, கட்டைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைத்த ஐந்து மாதங்கள் குழந்தைக்கு உரியவை அல்ல. அதைக் கேட்டுக் கடிதம் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. பணிவாகவும் விடாமலும் எழுதுங்கள்.

பெரம்பூரிலிருந்து

என் மகன் வசிக்கும் ஊரில், சீனாவிலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுக்க ஒப்புதல் பெற்று, அவனுடைய படத்தைக் கூடத்தில் மாட்டிவைத்த ஒரு குடும்பத்தை நான் நேரில் சந்தித்தேன். 2020இல் பெருந்தொற்றால் எல்லாம் நின்றது. 2024 செப்டம்பரில் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பையே முடித்துக்கொண்டது. அந்தத் தாய் படத்தைக் கழற்றவில்லை. அவரிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டில் கேட்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள் அம்மா. கேட்காமல் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நான்கு பேரை உங்கள் தங்கைக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

எல்லாவற்றையும் இன்று காலை தங்கைக்குப் படித்துக் காட்டினேன். புளியந்தோப்பைப் பற்றிய பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். பிறகு அவளே மறுபடியும் படிக்கச் சொன்னாள். பெற்றவர்கள் மனம் மாறுவதற்கான அந்த 60 நாட்களைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி பிரித்திருக்கிறோம். ஒன்றில் குழந்தைக்கு உரிய நாட்கள், மற்றொன்றில் அலுவலகம் வீணாக்கிய நாட்கள். இரண்டாவது பத்தியில் ஏழு தேதிகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் குறிப்பிட்டு அவள் கணவர் இன்றிரவு முதல் கடிதத்தை அனுப்புகிறார். கைரேகைப் புதுப்பிப்பு கார்த்திகையில் வருகிறது. அதற்குள் பதில் வந்தால் எழுதுகிறேன்.