புதுப்பிப்பு: கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தேன்

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தாலும் நான்கைந்து பேர்தான் பேசுகிறார்கள், மற்றவர்கள் கைதூக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்று முன்பு வருந்தியிருந்தேன். அதன்பின் மூன்று கூட்டங்கள் நடந்துவிட்டன.

மாற்றத்தைத் தந்தது ஒரு துண்டுச் சீட்டு! விவாதத்துக்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் அமைதியாகத் தங்கள் கருத்தை எழுத வேண்டும். பிறகு வரிசையாக வாசிக்க வேண்டும். தலைவர் கடைசியில்தான் பேசுவார். முதலில் பேசுபவர் பக்கமே கூட்டம் சாய்ந்துவிடுகிறது என்பதால் இந்த ஏற்பாடு. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், குழுவில் இன்னும் ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே, சோதிக்கப்படுபவர் பெரும்பான்மையின் தவறான விடைக்கு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. இங்கும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளை மாற்றும்படி ஒரு மூதாட்டி எழுதியதை வாசித்தார். அதே கோரிக்கை இன்னும் ஒன்பது சீட்டுகளில் இருந்தது. இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லையே என்று மனம் கனத்துவிட்டது.

வாசிக்கத் தயங்குபவர்கள் சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கலாம்.

கூட்ட நேரத்தை மாற்றிப் பார்த்ததில் பலனில்லை. இளைஞர்கள் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை அவர்களையே தயாரிக்கச் சொல்லியிருக்கிறோம். இருவர் சம்மதித்துவிட்டார்கள்.