பூதத்துக்குக் குகை இல்லை

குழு: வடக்கு மாசி வீதி வீட்டார்
ஞாயிற்றுக்கிழமை

கயல் (10.12): எல்லோருக்கும் ஒரு புதிர். மலையில் வரிசையாக நான்கு குகைகள். இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. குகைக்கு ஒருவராக நாகம், யாளி, பூதம், சூனியக்காரி. அவர்களில் ஒருவரிடம் அமுதக் கலசம் இருக்கிறது. மலையடிவாரத்தில் நிற்கும் குட்டிச்சாத்தான் வழி சொல்கிறான். அவன் வாயில் உண்மையே வராது. கீழே உள்ள நான்கும் பொய்.

கயல் (10.14):
1. யாளி முதல் குகையில் இருக்கிறது, அல்லது நான்காம் குகையில் இருக்கிறது.
2. நாகம் மூன்றாம் குகையில் இருந்தால், அமுதம் யாளியிடம் இருக்கிறது.
3. பூதம் நாகத்துக்குப் பக்கத்துக் குகையில் இருக்கிறது.
4. பூதம் முதல் குகையில் இருக்கிறது, மேலும் அமுதம் நாகத்திடம் இல்லை.
எந்தக் குகையில் யார்? அமுதம் யாரிடம்?

முருகன் சித்தப்பா (10.20): பொய் மட்டுமே சொல்பவனிடம் எதற்கு வழி கேட்க வேண்டும்? மலையில் வேறு ஆளே இல்லையா?

தாத்தா (10.23): எப்போதும் பொய் சொல்பவனோடு காலம் தள்ளிவிடலாம். அவன் சொன்னதைப் புரட்டிப் போட்டால் உண்மை வந்துவிடும். ஒரு நாள் உண்மை, ஒரு நாள் பொய் என்று இருப்பவனிடம்தான் மாட்டிக்கொள்வோம். நிலம் வாங்கும்போது எனக்கு வாய்த்த தரகர் அந்த இரண்டாம் ரகம்.

பாலா (10.25): முதல் வரி எளிது. "இது அல்லது அது" பொய் என்றால் இரண்டுமே இல்லை. யாளி 2இல் இருக்கும், இல்லாவிட்டால் 3இல்.

முருகன் சித்தப்பா (10.26): இரண்டாவது அதைவிட எளிது. நாகம் மூன்றாம் குகையில் இல்லை. அடுத்தது?

வள்ளி அத்தை (10.28): முருகா, நில். "இருந்தால்" என்று வரும் வாக்கியம் எப்போது பொய்யாகும்?

முருகன் சித்தப்பா (10.29): அது ஒரு சந்தேகம், அக்கா. சந்தேகம் எப்படிப் பொய்யாகும்?

வள்ளி அத்தை (10.33): போன ஆண்டு பாலாவிடம் என்ன சொன்னாய்? "பத்தாம் வகுப்பில் 450 வாங்கினால் சைக்கிள் வாங்கித் தருவேன்." அவன் 450 எடுக்காமல் போயிருந்தால், நீ வாங்கிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உன்னைப் பொய்யன் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் 450 எடுத்தும் சைக்கிள் வரவில்லை என்றால்தான் உன் சொல் பொய்.

பாலா (10.33): 462. சைக்கிள் வரவில்லை.

சாந்தி சித்தி (10.34): மதினி, இதையெல்லாம் குழுவில் பேச வேண்டுமா? பேசுங்கள், பேசுங்கள்.

முருகன் சித்தப்பா (10.34): புதிருக்கு வருவோம்.

வள்ளி அத்தை (10.37): வந்துவிட்டோம். இரண்டாம் வரி பொய் என்றால் முன்பாதி நடந்திருக்க வேண்டும், பின்பாதி நடந்திருக்கக் கூடாது. நாகம் 3இல்தான் இருக்கிறது, அமுதம் யாளியிடம் இல்லை. நான்கு பொய்களில் இதைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஒரே வரியில் இரண்டு உண்மைகளைக் கொட்டிவிடுகிறது.

பாலா (10.38): அப்படியானால் யாளி 2.

சாந்தி சித்தி (10.40): மூன்றாவது எனக்கு. பூதம் நாகத்தின் பக்கத்தில் இல்லை, அதனால் 2, 4 இரண்டும் கிடையாது. மிச்சம் 1. சூனியக்காரி 4. குழம்பு கொதிக்கிறது, வருகிறேன்.

முருகன் சித்தப்பா (10.41): நான்காவதை நான் முடித்துவிட்டேன். அப்பா சொன்னபடி இரண்டு பாதியையும் புரட்டினேன். பூதம் முதல் குகையில் இல்லை. அமுதம் நாகத்திடம் இருக்கிறது. கயல், சரியா?

கயல் (10.42): அமுதம் நாகத்திடம்தான் சித்தப்பா, ஆனால்

முருகன் சித்தப்பா (10.42): ஆனால் என்பதெல்லாம் வேண்டாம். வென்றுவிட்டேன்.

பாலா (10.43): அப்பா, பூதம் எங்கே?

முருகன் சித்தப்பா (10.43): எங்காவது இருக்கும்.

பாலா (10.44): 3இல் நாகம் இருக்கிறது. 2, 4 கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். 1 இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். பூதத்துக்குக் குகையே இல்லை.

சாந்தி சித்தி (10.46): வாடகைக்குப் பார்க்கட்டும்.

முருகன் சித்தப்பா (10.47): விடை சரி. பிறகு வழியில் என்ன தவறு?

வள்ளி அத்தை (10.52): என் வகுப்பில் என்றால் விடைக்கு ஒரு மதிப்பெண், வழிமுறைக்குப் பூஜ்யம். "இதுவும் அதுவும்" என்ற வாக்கியம் பொய்யாக, இரண்டில் ஒன்று பொய்த்தாலே போதும். முன்பாதி மட்டும் பொய்யாக இருக்கலாம், பின்பாதி மட்டும் இருக்கலாம், இரண்டுமே இருக்கலாம். எது என்று அந்த வரி தனியாகச் சொல்லாது. பூதம் 1இல் இருப்பதைச் சாந்தி ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாள், ஆகவே முன்பாதி உண்மை. அப்புறம் வாக்கியம் பொய்யாக வேண்டுமானால் பின்பாதிதான் பொய்யாக வேண்டும். அதனால்தான் அமுதம் நாகத்திடம். நீ புரட்டியது அதிர்ஷ்டத்தில் அங்கே போய் விழுந்தது.

கயல் (10.54): புரட்டும்போது "அல்லது" இருந்த இடத்தில் "மேலும்" வரும், "மேலும்" இருந்த இடத்தில் "அல்லது" வரும். டி மார்கன் விதிகள். கல்லூரியில் லாஜிக் கேட் பாடத்தில் படித்தோம்.

வள்ளி அத்தை (10.58): அகஸ்டஸ் டி மார்கன் எந்த ஊரில் பிறந்தார் என்று சொன்னார்களா? நம் மதுரையில். 1806 ஜூன் 27. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தையாக இருக்கும்போதே ஒரு கண் பார்வை போய்விட்டது. லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில், இன்றைய யூனிவர்சிட்டி காலேஜில், 1828இல் முதல் கணிதப் பேராசிரியர். அப்போது வயது 21.

முருகன் சித்தப்பா (10.59): மதுரைக்காரரா? இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் எதிர்த்தே பேசியிருக்க மாட்டேன்.

வள்ளி அத்தை (11.00): ஏழு மாதக் குழந்தையாகக் கப்பலேறிப் போனவர்.

முருகன் சித்தப்பா (11.00): பிறந்த மண் பிறந்த மண்தான்.

கயல் (11.04): தாத்தா சொன்ன இரண்டாம் ரகத்துக்கும் புதிர் இருக்கிறது. ஜார்ஜ் பூலோஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1996இல் வெளியிட்டார். மூலம் ரேமண்ட் ஸ்மல்யனுடையது, அவர் மேடையில் மாயவித்தை காட்டிய தர்க்கவியலாளர். மூன்று கடவுள்கள். ஒருவர் உண்மையே சொல்வார், ஒருவர் பொய்யே சொல்வார், மூன்றாமவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். யார் யார் என்று மூன்றே கேள்விகளில் கண்டுபிடிக்க வேண்டும். பதில் "டா" அல்லது "ஜா" என்று வரும், அதில் எது ஆம், எது இல்லை என்பதும் நமக்குத் தெரியாது.

தாத்தா (11.06): மூன்றாவது கடவுளிடம்தான் நான் நிலம் வாங்கினேன்.

பாலா (11.07): கேள்விகளை வீணாக்காமல் முதலில் அவரைத்தான் ஒதுக்க வேண்டும். இரவு யோசிக்கிறேன்.

வள்ளி அத்தை (11.10): அதுவரை சின்னதாக ஒன்று. டி மார்கன் தன் வயதைப் பற்றிச் சொன்னது: எக்ஸ் வர்க்கம் என்ற ஆண்டில் எனக்கு எக்ஸ் வயது.

பாலா (11.12): 43. நாற்பத்து மூன்றின் வர்க்கம் 1849. 1806இல் பிறந்தவருக்குச் சரியாக வருகிறது.

முருகன் சித்தப்பா (11.13): நான் 1980. எனக்கு வருமா?

கயல் (11.14): வருகிறது சித்தப்பா! 45 × 45 = 2025. அந்த ஆண்டில் உங்களுக்கு 45.

வள்ளி அத்தை (11.15): அடுத்து 46இன் வர்க்கம் 2116. அதைச் சொல்லிக்கொள்ள 2070இல் பிறக்க வேண்டும்.

முருகன் சித்தப்பா குழுவின் பெயரை "டி மார்கன் வீட்டார்" என மாற்றினார்

தாத்தா (11.19): இது எந்தக் குழு? என்னை யார் சேர்த்தது?